“நாங்கன்னா யாரு சார்?”

இருபது வருட வேலை ஒரே நாளில் போய்விட்டால், ரெஸ்யூம் எழுத அடுத்தவரிடம் காசு கொடுக்கலாமா? கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறோம்?

காலை 5.40-க்கு எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். என் அக்கா வீட்டுக்காரர் 22 வருடம் அதில் ஏறிப் போனவர். கார் இன்ஜினுக்குப் பாகங்கள் செய்யும் ஆலை, குவாலிட்டி பிரிவு. டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வங்கிக் கடனில் கட்டிய வீடு எல்லாம் அந்த அடையாள அட்டையை நம்பி வந்தவைதான். சென்ற ஆண்டு ஆலையை மூடிவிட்டார்கள். பஸ் இப்போதும் வருகிறது. வேறு கம்பெனி பஸ்; அதே நேரம், அதே மாதிரி ஹாரன். மாமாவுக்கு 4.45-க்கே விழிப்பு வந்துவிடுகிறது.

செட்டில்மென்ட் பணம் வங்கியில் விழுந்தது. மூன்று வாரம் யார் யாருக்கோ போன் போட்டார். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: “ரெஸ்யூம் அனுப்புங்க, பார்க்கலாம்.” ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, “மாப்ள, ஒரு பயோடேட்டா அடிக்கணும்” என்றார்.

பிரவுசிங் சென்டர் பையன் கணினியில் ஒரு ஃபார்மட் தயாராக வைத்திருந்தான். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. கடைசியில், மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி. இடம், நாள், கையெழுத்து. பொண்ணு பார்க்க அனுப்பும் ஜாதகக் குறிப்புக்கும் இதற்கும் ராசி, நட்சத்திரம் மட்டும்தான் வித்தியாசம். கூடவே மாமா கொடுத்த பழைய தாளிலிருந்து சில வரிகள் ஏறின. ‘விண்டோஸ் 98 தெரியும்’ என்று ஒரு வரி. ‘டிஎஸ் 16949 தரநிலையில் அனுபவம்’ என்று இன்னொன்று. அந்தத் தரநிலை 2016-லேயே ஐஏடிஎஃப் 16949 என்று பெயர் மாறிவிட்டது. மாறிய பிறகு நடந்த தணிக்கைகளில் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்து பதில் சொன்னவரே மாமாதான். தாளில் அது இல்லை. 22 வருடம் நான்கு வரியில் முடிந்திருந்தது.

நாற்பது இடத்துக்கு அனுப்பினார். ஒரு போன்கூட வரவில்லை.

நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில் தாம்பரம் பக்கம் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனோம். பல வருடம் எச்.ஆரில் இருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது வேலை தேடுபவர்களுக்கு ரெஸ்யூம் எழுதித் தருகிறார். கட்டணம் உண்டு. வண்டியை நிறுத்தும்போது மாமா முணுமுணுத்தார்: “நம்மளப் பத்தி எழுத நாமளே எதுக்குடா காசு கொடுக்கணும்?”

நியாயமான கேள்வி.

இரண்டரை மணி நேரம்

அந்த அம்மா பயோடேட்டாவை வாங்கி ஒருமுறை பார்த்தார். மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். பேனாவை எடுக்கவில்லை.

“காலைல உள்ள போனதும் முதல்ல எங்க போவீங்க சார்?”

“ரிஜெக்‌ஷன் பின் பக்கம் மேடம். நைட் ஷிப்ட்ல என்ன விழுந்திருக்குன்னு பார்ப்பேன்.”

“என்ன விழும்?”

“முன்னெல்லாம் நிறைய விழும். அப்புறம் நாங்க குறைச்சோம்.”

“நாங்கன்னா யாரு சார்?”

மாமா என்னைப் பார்த்தார். “டீம் மேடம்.”

“சரி. டீம்ல நீங்க என்ன பண்ணீங்க?”

பதில் வர நேரமானது. ஆனால் வரத் தொடங்கியதும் நிற்கவில்லை. நைட் ஷிப்டில் மட்டும் துளையின் விட்டம் அளவு தப்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஆபரேட்டரைத் திட்டினார்கள். இவர் பத்து நாள் இரவில் போய் நின்று பார்த்திருக்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் மிஷினை நிறுத்துகிறார்கள். அரை மணி நேரத்தில் ஸ்பிண்டில் ஆறிவிடுகிறது. திரும்ப ஓட்டியதும் அது சூடேறும்வரை வரும் பீஸ்கள்தான் கெட்டுப்போகின்றன. இடைவேளை முடிந்ததும் சில நிமிடம் வெறுமனே ஓட்டி, முதல் ஐந்து பீஸைக் கேஜில் போட்டுப் பார்த்த பிறகே உற்பத்தி என்று நடைமுறையை மாற்றினார்.

“ஒரு நைட்டுக்கு எத்தனை பீஸ் ஓடும்?”

“1,200.”

“எத்தனை போச்சு?”

“35, 36 போகும். அப்புறம் எட்டு, ஒன்பதோட நின்னுடுச்சு.”

“ஒரு பீஸ் என்ன விலை?”

“340 ரூபாய்.”

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். ஒரு இரவுக்கு 27 பீஸ், வருடத்துக்கு 300 இரவு. 27 லட்சத்தைத் தாண்டியது. மாமா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாமே ஸ்கிராப்பா?” என்று கேட்டார் அந்த அம்மா. “இல்ல மேடம், பாதி ரீவொர்க்ல தேறிடும்.” உடனே தொகையைப் பாதியாக்கி, இன்னும் கொஞ்சம் குறைத்து, ‘ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் ரூபாய் சேமிப்பு’ என்று எழுதினார். “இன்டர்வியூல திருப்பிக் கேட்டா, நின்னு பதில் சொல்ல முடியுற நம்பர்தான் பேப்பர்ல வரணும்” என்றார்.

இப்படி இரண்டரை மணி நேரம். ஆங்கிலம் எழுதியது கடைசி அரை மணி நேரம்தான். அந்த அம்மாவின் தொழில் கேள்வி கேட்பது என்று அன்றைக்குப் புரிந்தது.

நம் பேச்சு வழக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘நடந்துச்சு’, ‘முடிஞ்சது’, ‘சார் சொன்னாங்க, செஞ்சோம்’. ஒன்றைச் செய்தவனே அதைச் சொல்லும்போது காணாமல் போய்விடுகிறான். ‘நான்’ என்று ஆரம்பித்தால் திமிர் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஷிப்ட், யூனியன், டீம் எல்லாமே ‘நாங்க’தான். ஆலைக்குள் அது நல்ல குணம்; அந்தக் குணம் இல்லாதவனோடு யாரும் வேலை செய்ய முடியாது. ஆனால் உங்களை முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும் தாளில், ‘நாங்க’ என்பதற்குள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரே இடத்தில் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அங்கே உங்கள் அருமை எல்லோருக்கும் தெரியும். யாரிடமும் சொல்லிக் காட்டும் அவசியமே வந்திருக்காது.

கட்டடத்துக்கு எளிது

சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளுக்கு ஆலை மூடும் கதை புதிதல்ல. ஶ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதி மூடப்பட்டது. இனி இந்தியாவில் கார் தயாரிப்பதில்லை என்று 2021 செப்டம்பர் 9-ம் தேதி ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டே மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. இரண்டிலும் நேரடியாக வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். உதிரிபாகம் செய்து கொடுத்தவர்கள், வேன் ஓட்டியவர்கள், கேன்டீன் நடத்தியவர்கள் கணக்கு தனி. இது ஆலைத் தொழிலாளியோடு முடியும் கதையும் அல்ல. நாட்டின் மிகப்பெரிய ஐ.டி. நிறுவனமான டிசிஎஸ், ஊழியர்களில் சுமார் இரண்டு சதவீதத்தை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் சொன்னபோது, குறி பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்கள்மேல்தான்.

ஆலைக் கட்டடங்களுக்கு மறுபிறவி கிடைத்துவிடுகிறது. நோக்கியா ஆலையை சால்காம்ப் வாங்கி மீண்டும் திறந்தது. மறைமலைநகரில் இன்ஜின் தயாரிக்க ஃபோர்டு 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. கட்டடத்துக்கு ரெஸ்யூம் எழுதுவது எளிது: இத்தனை ஏக்கர், இத்தனை மெகாவாட் மின்சாரம், துறைமுகம் இத்தனை கிலோமீட்டர். ஐந்தாறு வருடம் பூட்டிக் கிடந்தாலும் அந்த எண்கள் மாறுவதில்லை. உள்ளே வேலை செய்தவருக்கு இ.எம்.ஐ. அடுத்த மாதம் ஐந்தாம் தேதியே வந்துவிடும். அவருடைய எண்கள் எங்கும் எழுதி வைக்கப்படவும் இல்லை.

முதலில் படிப்பது மனிதர் இல்லை

மாமாவின் நாற்பது விண்ணப்பங்களுக்கும் ஏன் பதில் வரவில்லை? பெரிய நிறுவனங்கள் பலவற்றில், வரும் ரெஸ்யூமை முதலில் வாங்கிப் பிரிப்பது ஏ.டி.எஸ். என்ற மென்பொருள். வேலை விளம்பரத்தில் கேட்ட சொற்கள், தகுதிகள், வருடங்கள் இருக்கின்றனவா என்று அது தேட வழி செய்கிறது. அட்டவணை, இரட்டைப் பத்தி, ஓரத்தில் வண்ணக் கட்டம், படமாக ஸ்கேன் செய்த பக்கம் போன்றவற்றில் அது தடுமாறக்கூடும். பிரவுசிங் சென்டர் பயோடேட்டா முழுக்கக் கட்டம் போட்ட அட்டவணை.

இந்த வடிகட்டி தகுதியானவர்களையும் தவறாகக் கழிக்கிறது என்பதை ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் கேட்கப்பட்ட நிறுவன நிர்வாகிகளில் 88 சதவீதம் பேர், உயர்திறன் உள்ள தகுதியானவர்களும் விளம்பர நிபந்தனைக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தாததால் கழிக்கப்படுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தாலே ஒதுக்கிவிடும் வழக்கமும் பல நிறுவனங்களில் இருந்தது.

மென்பொருளைத் தாண்டினால் மனிதர். லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமில் முதல் பார்வைக்கு அவர்கள் செலவிட்டது 2018 கணக்குப்படி சராசரி 7.4 விநாடி. தகப்பனார் பெயருக்கும் மதத்துக்கும் அதில் இரண்டு விநாடி போனால் மிச்சம் என்ன?

அந்த அம்மா மாமாவின் தாளில் செய்த மாற்றங்கள் இவை. போட்டோ, மதம், திருமண நிலை, உறுதிமொழி எல்லாம் போயின. முகவரியில் ஊர் பெயர் மட்டும் நின்றது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் போனது. முதல் பத்து வருடம் மூன்று வரியில் அடங்க, கடைசிப் பன்னிரண்டு வருடம் விரிந்தது. ‘பொறுப்பு வகித்தேன்’ என்று தொடங்கிய வரிகள் எல்லாம், எது எவ்வளவாக இருந்தது, இவர் என்ன செய்தார், எவ்வளவாக ஆனது என்று மாறின. மேலே மூன்று வரிச் சுருக்கம். மொத்தம் இரண்டு பக்கம்.

யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுவது பழைய வித்தைதான். லியோனார்டோ டாவின்சி 1480-களின் தொடக்கத்தில் மிலன் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்காக எழுதிய வேலை கேட்கும் கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, கவச வண்டி என்று போர்க்கருவிகளை வரிசையாக அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். படித்தவருக்கு அப்போது தேவைப்பட்டது பாலம்.

காசு கொடுக்கும் முன்

ரெஸ்யூம் எழுதித் தருவது இன்று தனிச் சந்தை. வேலைவாய்ப்புத் தளங்களே கட்டணச் சேவை நடத்துகின்றன. தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘24 மணி நேரத்தில் ரெஸ்யூம்’ என்று கூவுபவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் சில நூறிலிருந்து பல ஆயிரம் வரை. தொகையை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. நான் பார்த்தவரை ஒரே ஒரு சோதனை போதும்: உங்களை எவ்வளவு நேரம் கேள்வி கேட்கிறார்கள்? பழைய பயோடேட்டாவை அனுப்பச் சொல்லி, பேசாமலே மறுநாள் பளபளவென்று பிடிஎஃப் அனுப்பினால், நீங்கள் தட்டச்சுக்கும் டிசைனுக்கும்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

ஏ.ஐ. செயலிகளும் அப்படித்தான். நல்ல ஆங்கிலம் தரும், விளம்பரத்தையும் ரெஸ்யூமையும் ஒப்பிட்டு விடுபட்ட சொல்லைக் காட்டும், இலவசமும்கூட. ஆனால் ஸ்பிண்டில் ஆறிப்போன கதை அதற்குத் தெரியாது. கதையைக் கொடுக்காமல் எழுதச் சொன்னால், எவருக்கும் பொருந்துகிற வாக்கியங்களைத் தரும். சில நேரம் நீங்கள் செய்யாததையும் செய்ததாக எழுதி வைக்கும்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

1. எழுதும் முன் எத்தனை மணி நேரம் என்னோடு பேசுவீர்கள்? பேசப்போவது யார், எழுதப்போவது யார்?

2. என் துறையில் முன்பு எழுதிய ஒன்றை, பெயரை மறைத்துக் காட்ட முடியுமா?

3. திருத்தம் எத்தனை முறை? நானே பிறகு மாற்றிக்கொள்ளும்படி வேர்டு கோப்பு தருவீர்களா?

4. அட்டவணையும் கட்டமும் இல்லாத எளிய வடிவம் கிடைக்குமா?

5. வேலைக்கு உத்தரவாதம் தருகிறீர்களா? இதற்கு ‘ஆமாம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி முக்கியம். ரெஸ்யூம் எழுதக் கட்டணம் என்பது வேறு. ‘ரெஸ்யூமைத் தேர்வு செய்துவிட்டோம், பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் கட்டுங்கள்’ என்பது வேறு. பின்னது மோசடி. வேலை போன மனிதர் அவசரத்தில் இருப்பார் என்பதும், கையில் செட்டில்மென்ட் பணம் இருக்கும் என்பதும் அந்தக் கும்பலுக்குத் தெரியும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

கையில் காசு இல்லை என்றால் வழியே இல்லை என்பதல்ல. ‘எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்’ என்று நாம் சொல்லும் அலுவலகங்கள் இன்று மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள். பதிவோடு நிற்காமல் வழிகாட்டலும் அவற்றின் வேலை; தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்துகின்றன. மாநில அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் பதிவு இலவசம். அதுவும் முடியாவிட்டால், உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத, ஆனால் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். கல்லூரி படிக்கும் மகள் போதும். “அப்படின்னா என்னப்பா?” என்று அவள் கேட்கும் ஒவ்வொரு இடமும் ரெஸ்யூமில் விளக்கப்பட வேண்டிய இடம்.

வயது, இடைவெளி, பொய்

மாமாவின் பயம் வயது. 44. பிறந்த தேதியை எடுத்துவிடலாம்; 22 வருட அனுபவத்தை எடுக்க முடியாது. அந்த அம்மா அதை மறைக்க முயலவில்லை. “உங்க வயசுல ஆள் வேணும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. புதுசா லைன் போடுற சின்ன சப்ளையர். அவங்ககிட்ட ஆடிட்டைப் பார்த்த ஆளே இருக்காது” என்றார். வேலை போன காரணத்தை ஒரே வரியில் வைத்தார்: ஆலை மூடப்பட்டது. குறை, கோபம், நிர்வாகத்தின் துரோகம் எதுவும் தாளில் வரவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: தேதிகளில் பொய் கூடாது. இடைவெளியை மறைக்க இரண்டு மாதம் இழுத்துப் போடும் வழக்கம் உண்டு. ஆனால் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். யு.ஏ.என். கணக்கைப் பார்க்கும் நிறுவனங்கள் பல. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதியலாம்.

ஆலை மூடப்படும்போது பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று உண்டு. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கதவு சாத்தப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால், கொடுக்க வேண்டிய எச்.ஆர். ஆளும் எங்கோ வேலை தேடிக்கொண்டிருப்பார்.

கடைசியில்

புதிய ரெஸ்யூம் அதிசயம் ஒன்றும் செய்துவிடவில்லை. அடுத்து அனுப்பிய முப்பதில் நான்கு போன் வந்தது. வேலை கிடைத்ததோ ஐந்தாவதாக, எதிர்பாராத இடத்திலிருந்து: முன்பு வாடிக்கையாளர் தரப்பில் இருந்து மாமாவின் ஆலைக்கு எப்போதாவது தணிக்கைக்கு வந்துபோன ஒருவர். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதியதுதான்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்கு உதவியது எப்போதோ பார்க்கும் ஆட்கள். அப்படிப்பட்டவருக்கு உங்களைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். மிச்சத்தை அவர் தன் மேலதிகாரியிடம் சொல்ல அந்த இரண்டு பக்கம்தான் துணை.

ஒரகடத்தில் சின்ன ஆலை. குவாலிட்டி இன்சார்ஜ். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. கம்பெனி பஸ்ஸும் கிடையாது, பைக்கில்தான் போகிறார்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின் பழைய ஆலையில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் இருந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் வேலை அமையவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே கட்டம் போட்ட பயோடேட்டா. மாமா அதை வாங்கிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“ஃபர்னஸ் அடிக்கடி நிக்கும்ப்பா. அப்புறம் நாங்க அதைச் சரி பண்ணோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் வந்தவர்.

மாமா நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“நாங்கன்னா யாருப்பா?”